பெயருக்கு முன்னால் ஒரு சொல்

1

நான் குடியிருக்கும் ஜெர்மன் ஊரில், பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒரு போர் நினைவுக்கல் இருக்கிறது. இங்கே ஊருக்கு ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக்கடை, ஒரு நினைவுக்கல் என்பது நியதி. தேவாலயத்துக்கு இப்போது ஆள் போவதில்லை. ரொட்டிக்கடையை மூடிவிட்டார்கள். கல் மட்டும் உறுதியாக நிற்கிறது. அதன் ஒரு பக்கத்தில் செத்தவர்களின் பெயர்கள், மறுபக்கத்தில் காணாமற்போனவர்களின் பெயர்கள். குப்பையைக்கூட நிறம் பார்த்துத் தொட்டிகளில் பிரித்துப் போடும் சனங்கள் இதை மட்டும் கலந்து வைப்பார்களா? ஆனால் இரண்டு பக்கமும் எழுத்து ஒரே அளவு. தோற்றுப்போன யுத்தம், அதுவும் இவர்களே தொடங்கிய யுத்தம். வெட்கப்பட்டு விட்டுவிடாமல் ஆளுக்கு ஒரு வரி வெட்டி வைத்திருக்கிறார்கள்.

பல வருடங்களாக அந்தக் கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நான் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். குளிர்காற்றை மறைக்கும் என்பதைத் தவிர அதனிடம் எனக்கு வேறு எதிர்பார்ப்பு இருந்ததில்லை. போன வருடம் ஒரு காலை அதில் சாய்ந்து நிற்கையில், கண்டியிலிருந்து என் அண்ணன் மகன் பிரதீப் கைபேசிக்கு இரண்டு படங்கள் அனுப்பினான். அவனுடைய கல்யாண அழைப்பிதழின் இரண்டு மாதிரிகள். ஒரே பிள்ளையார், ஒரே குத்துவிளக்கு, ஒரே தங்க எழுத்து. ஒன்றில் 'திரு. தியாகராஜா, திருமதி கமலா தம்பதியரின் ஏக புதல்வன்' என்று இருந்தது. மற்றதில் 'காலஞ்சென்ற திரு. தியாகராஜா'.

கீழே எழுதியிருந்தான்: "சித்தப்பா, எதுன்னு சொல்லுங்க. அச்சுக்காரர் கேக்குறாரு. ரெண்டாவதுலதான் வரி அழகா உக்காருதாம்."

2

தியாகராஜா என் அண்ணன். கண்டிக் கடைவீதியில் அப்பா வைத்திருந்த பலசரக்குக் கடை எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் ஜெர்மனிக்கு ஓடிவந்தேன். அண்ணன் அதையே பார்த்துவிட்டு ஒரு பழைய லொறி வாங்கினார். பயம் இருவருக்கும் ஒன்றுதான், அது ஆளுக்கு ஆள் வேறு விதமாக வேலை செய்தது. கோவா, கரட், லீக்ஸ் என்று மலைநாட்டுக் காய்கறி ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரையில் ஒரு பட்டணத்துக்குப் போவார், வரும்போது கருவாடு ஏற்றி வருவார். அந்தப் பட்டணத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பக்கத்து வரைபடத்தை விரித்து எந்த ஊரில் விரல் வைத்தாலும் கதை பொருந்தும்.

பிரதீப் கைக்குழந்தையாக இருந்தபோது, அங்கிருந்து திரும்பும் வழியில், ஆமி முகாமுக்கு முன்னாலிருந்த தண்ணீர்த் தாங்கியின் அடியில் சோதனைக்கு மறித்து அண்ணனை மட்டும் இறங்கச் சொன்னார்கள். லொறியில் கூடப் போயிருந்தவர் அக்குறணையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் வியாபாரி. அண்ணன் அவரிடம் சாவியைக் கொடுத்து, "நானா, லொறிய வீட்ல விட்டுடுங்க. சாயங்கால பஸ்ஸுக்கு வந்துடுறேன்னு சொல்லுங்க" என்றாராம்.

லொறி வந்தது. கருவாடு வந்தது. பஸ்களும் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தன.

இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது சகோதரர்கள் பகுதியில் இரண்டு கட்டங்கள் இருந்தன: உயிருடன், இறந்தவர். நான் இரண்டையும் வெறுமையாக விட்டுவிட்டுப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா பொறுமைசாலி. உங்கள் அண்ணன் எங்கே என்று விளங்கும்படி மெதுவாகக் கேட்டார். பஸ்ஸுக்கு வருவதாகச் சொன்னவர் என்று சொல்ல நினைத்து, அப்போது எனக்கு வாய்த்திருந்த ஜெர்மனில், "அண்ணன் பஸ்ஸில் இருக்கிறார்" என்று சொன்னேன். அவர் நிம்மதியாக 'உயிருடன்' கட்டத்தில் புள்ளடி போட்டார். ஆகவே என் அண்ணன் ஜெர்மனியில் சட்டப்படி உயிரோடிருக்கிறார். இலங்கையில் நிலுவையில் இருக்கிறார். அரசாங்கக் கச்சேரி அலுவலர்கள் மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று மூன்று நான்கு தடவை கூப்பிட்டும் அண்ணி வாங்கவில்லை. ஒருவர் செத்தாரென்று தெரிந்தால் கேட்காமலே தருவீர்களே, என்னிடம் கையெழுத்து ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாராம்.

நான் இதையெல்லாம் இங்கே யாரிடமும் சொல்வதில்லை. ஒரு முறை தமிழர் ஒன்றுகூடல் ஒன்றில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என்னை எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "கண்டியோ? அப்ப நீங்கள் சண்டை காணேல்லை" என்றார், கொஞ்சம் பொறாமையோடு. ஓம் என்றேன். வடையும் நன்றாகத்தான் இருந்தது.

3

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முந்தியே மகள் அபியையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். அபி ஜெர்மனியில் பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் யாழ்ப்பாணத்து ஆசிரியைகளிடம் தமிழ் படித்தவள். அதன் விளைவு, கண்டிக்காரனுக்குப் பிறந்து பருத்தித்துறைக்காரியாகப் பேசுகிறாள். "ஓம் பெரியம்மா, இப்ப வாறன்" என்று அவள் குரல் கொடுத்ததும் அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஒங்க புள்ளைய ஆஸ்பத்திரியில மாத்திக்கிட்டாங்களா?"

அன்று மாலையே சம்பந்தி வந்துவிட்டார். பேராதனையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் அல்ல, கோப்பு திறந்தே கிடந்தால் தூக்கம் வராதவர். காலஞ்சென்றவர் என்று அச்சிட்டால் அண்ணி மணவறைப் பக்கம் வர முடியாது, ஆரத்தி எடுக்க முடியாது, மருமகளுக்குப் பூ வைக்க முடியாது. அப்படி அச்சிடாவிட்டால் வருகிறவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையின் தகப்பன் எங்கே என்று கேட்பார்கள். இதை அவர் மிகவும் மரியாதையாக, சுற்றிச் சுற்றி, இரண்டு கோப்பைத் தேநீர் நேரத்துக்குச் சொன்னார்.

"எங்களுக்கு ரெண்டும் சம்மதந்தாம்மா. ஆனா ஏதாச்சும் ஒண்ணா இருக்கணும்" என்று முடித்தார்.

இத்தனை வருடமும் அண்ணி பொட்டை எடுக்கவில்லை. ஒரு திதி கொடுக்கவில்லை. அதற்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரும் இல்லை. தையல் மெஷினை மிதித்து மகனைப் படிக்க வைத்தார். யாரேனும் பேச்சை எடுத்தால் "தெரியல" என்பார். அவருடைய பதில் அவ்வளவுதான். சம்பந்திக்கு வேண்டியது அது அல்லாத ஒரு பதில்.

அண்ணி கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அந்த எடத்த நான் ஒரு தடவ பாக்கணும். பாத்துட்டு வந்து சொல்றேன்."

அவர் அங்கே போனதே இல்லை. முதலில் யுத்தம் என்றார்கள், பிறகு பாஸ் வேண்டும் என்றார்கள், பிறகு எல்லாம் முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்றார்கள். ஆனால் யுத்தம் முடிந்த கையோடு கண்டியே வான் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் சுற்றுலா போய் வந்தது. முகாம் இருந்த இடத்தில் இப்போது வெற்றி நினைவுச் சின்னம் கட்டியிருக்கிறார்கள், பக்கத்திலேயே கடல், பிள்ளைகள் விளையாட நல்ல இடம் என்று அண்டை வீட்டுக்காரர்கள் வந்து சொன்னார்கள். அண்ணிக்குக் கருவாடும் வாங்கி வந்து கொடுத்தார்கள்.

4

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று சுனிலின் வானில் கிளம்பினோம். சுனில் எங்கள் தெருச் சிங்களவர், அண்ணனோடு கெரம் விளையாடியவர். பிரதீப் வரவில்லை. அவனுக்கு அப்பா என்பது ஒரு படம், படத்தைப் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டான்.

எங்கள் ஊரில் வானில் ஏறினால் அது ட்ரிப்தான். எதற்குப் போகிறோம் என்பது வானுக்குத் தெரியாது. கட்டுகலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அதுவும் போதாதென்று சுனில் அரசமரத்துப் புத்தர் உண்டியலிலும் ஒரு காசு போட்டுவிட்டு வந்தார். மாத்தளை தாண்டுவதற்குள் பைலாப் பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது. அபி காதுக்குள் கேட்டாள்: "அப்பா, நாங்கள் ஏதும் கொண்டாடப் போறமோ?" நினைவு தினத்தில் ஒரு நிமிடம் வாய்மூடி நிற்கும் நாட்டில் வளர்ந்தவள். பாட்டை நிறுத்தச் சொல்லலாமா என்று நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் அரக்குக் கரைச் சேலையில், ஜன்னலோரம், பெரிய பொட்டோடு உட்கார்ந்து தாளத்துக்கு விரலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஹபரணைக்கு அப்பால் மர நிழலில் நிறுத்திச் சாப்பாட்டை எடுத்தோம். வாழை இலையில் கட்டிய சோறு, பருப்பு, சம்பல், கத்தரிக்காய்ப் பிரட்டல். நான்கு பேருக்கு ஐந்து பார்சல் இருந்தது. கணக்குப் பிழைத்துவிட்டதா அக்கா என்று சுனில் தமிழில் கேட்டார்.

"ட்ரிப் போனா ஒண்ணு கூடக் கட்டுறதுதானே" என்றார் அண்ணி. உண்மைதான். எங்கள் சனம் எண்ணிச் சோறு கட்டுவதில்லை. ஆனாலும் அந்த ஐந்தாவது பார்சலை யாரும் எடுக்கவில்லை. அண்ணி அதைத் துணிப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார்.

5

தண்ணீர்த் தாங்கியைத்தான் முதலில் கண்டோம். அக்குறணைக்காரர் சொன்ன அதே தாங்கி. இப்போது அதற்கு வெள்ளையடித்துச் சுற்றிவரத் தாமரை வரைந்திருந்தார்கள். அண்ணி வானை நிறுத்தச் சொல்லி இறங்கினார். அதன் நிழலில் கொஞ்ச நேரம் நின்று ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். "இவ்வளவு கிட்டவா கடல் இருக்கு?" என்றார். "சொல்லவே இல்லையே." அண்ணனைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வாசலில் மும்மொழியிலும் பலகை இருந்தது. அமைதி காக்கவும் என்று தமிழில் எழுதியவர் 'அமைதி'யில் ஒரு எழுத்தை விட்டிருந்தார். ஒரு எழுத்துத்தானே குறைகிறது என்று கடந்து போனேன். நடுவில் கொங்கிரீட் சிப்பாய் ஒருவர், ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் புறா. புறா தப்பப் பார்ப்பது போலத்தான் எனக்குப் பட்டது. அவருக்குப் பின்னால் நீளமான கறுப்புக் கல் சுவர், அது நிறையப் பெயர்கள், எல்லாம் சிங்களத்தில். நான் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்தவன். ஜெர்மன் உள்ளே வரும்போது அதற்கு இடம்விட்டு எழுத்து வெளியேறிவிட்டது, பேச்சு மட்டும் காதில் தங்கிவிட்டது. அண்ணி பள்ளியில் சிங்களம் படிக்காதவர். கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, பலகை பார்த்து, விண்ணப்பம் நிரப்பி, தானாக எழுத்துக் கற்றுக்கொண்டவர். அவர் முதல் பெயரில் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினார்.

இது ஆமிக்காரர்களின் சுவர் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். நான் வாயைத் திறக்கப் போக, "இருங்க தம்பி" என்று விரலை எடுக்காமலே சொன்னார்.

அபி சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். எங்கள் ஜெர்மன் ஊர்க் கல்லைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, கல்லென்றால் இரண்டு பக்கம் இருக்குமென்று நினைப்பவள். சற்று நேரத்தில் திரும்பி வந்தாள். "பின்னால ஒண்டும் எழுதேல்லை அப்பா. ஒரு வாளியும் கூட்டுற தும்புத்தடியும்தான் கிடக்கு."

காவலுக்கு நின்ற சிப்பாய் அண்ணியைக் கவனித்துக்கொண்டே இருந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டு போகும் ஒரு பெண்ணைக் கண்டால் அவன் என்ன நினைப்பான்? கிட்ட வந்து, சிங்களத்தில், தாழ்ந்த குரலில், அம்மாவுக்கு யார் என்று கேட்டான்.

"என் மஹத்தயா" என்றார் அண்ணி. என் கணவர்.

அவன் விறைத்து நின்று ஒரு சல்யூட் அடித்தான். ஓடிப்போய்க் காவல் கூண்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வந்து அண்ணியை உட்கார வைத்தான். தமிழ் ஆட்களும் ஆமியில் எங்களோடு இருந்தார்கள் அம்மா, எனக்குத் தெரியும் என்றான். எந்த ஊர் என்று கேட்டான். கண்டி, பிறந்தது வத்தேகம என்றார் அண்ணி. அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அவனும் வத்தேகமதான். சந்தைக்குப் பின்னால் வீடு. அம்மா சந்தை நாளில் வெற்றிலை விற்கிறவள். பிறகு இரண்டு பேரும் சந்தையைப் பற்றியே பேசினார்கள். எந்தக் கடை இருக்கிறது, எது போய்விட்டது, வெள்ளம் வந்தால் எந்தப் பாதை மூடும். சாப்பிட்டாயா என்று அண்ணி கேட்டார். இல்லை, டியூட்டி முடிய வேண்டும் என்றான். அண்ணி துணிப்பையைத் திறந்து அந்த ஐந்தாவது பார்சலை எடுத்துக் கொடுத்தார். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

பிறகு பெயர் கேட்டான். தியாகராஜா. அவன் பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வாசித்துக்கொண்டே போனான். அவ்வளவு அக்கறையாக என் அண்ணனை இந்த நாட்டில் யாரும் தேடியதில்லை. எந்தக் கந்தோரிலும், எந்த ஆணைக்குழுவிலும் இல்லை. அவனை நிறுத்தச் சொல்லி அண்ணியிடம் கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டான். விட்டுப்போயிருக்கிறது அம்மா, சில பெயர்கள் அப்படி விட்டுப்போயிருக்கின்றன, அவருடைய ஆமி இலக்கம் சொல்லுங்கள், மேலிடத்துக்கு எழுதிப் பெயரைப் போட வைக்கிறேன் என்றான்.

அண்ணி கதிரையிலிருந்து எழுந்தார். "நம்பர் இல்ல மகனே. அவரு லொறி ஓட்டினவரு. அந்தத் தண்ணித் தாங்கிக்குக் கீழதான் எறக்கி, இங்க கூட்டிட்டு வந்தாங்க. அதுக்குப் பொறகு எங்கன்னு யாராச்சும் எழுதி வச்சிருக்காங்களா?" அவர் சிங்களத்தில் கேட்டதை நான் தமிழில் எழுதுகிறேன். சிங்களத்தில் இன்னும் மரியாதையாக இருந்தது.

அவன் என்னைப் பார்த்தான், அபியைப் பார்த்தான், காவல் கூண்டைத் திரும்பிப் பார்த்தான். கடைசியில், "நான் அப்போது பிறக்கவே இல்லை அம்மா" என்றான்.

"தெரியும் மகனே. இங்க நிக்கிறது நீதானே, அதான் ஒன்னைக் கேட்டேன்."

வாசலில் சுற்றுலா பஸ் ஒன்று வந்து நின்றது. காவல் கூண்டிலிருந்து யாரோ அவனுக்கு விசில் அடித்தார்கள். அவனுக்குப் போக வேண்டும். பார்சலைத் திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒரு கை நீட்டினான், மடக்கினான். "சாப்பிடு. கெட்டுப்போயிரும்" என்றார் அண்ணி. பார்சலோடு அவன் வாசலை நோக்கி நடந்து போனதை, வந்திறங்கிய பிள்ளைகள் படம் எடுத்தார்கள்.

6

திரும்பும் வழியில் பாட்டு இல்லை. சுனில் தானாகவே போடவில்லை. மாத்தளை வரும்போது, போயாவில் அச்சகம் திறந்திருக்காதோ என்று அண்ணி கேட்டார்.

மறுநாள் சம்பந்தியை வரச் சொல்லி, அவர் முன்னால் பிரதீப்பிடம் சொன்னார்: "'திரு'ன்னு மட்டும் போடச் சொல்லு."

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கே ஏதாவது தெரிய வந்ததா என்று கேட்டார்.

"செத்தவங்க பேரெல்லாம் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. ஒரு கோடியிலருந்து மறு கோடி வரைக்கும் பாத்தாச்சு. அதுல இவரு பேரு இல்ல."

"அது ஆமிக்காரங்க பேராச்சேம்மா" என்றார் சம்பந்தி, மெதுவாக.

"ஆமாங்க. செத்தவங்கன்னு இந்த நாடு ஒத்துக்கிட்டது அவங்கள மட்டுந்தானே. இவர அவங்களே செத்தவர்னு எழுதல. நான் ஏன் என் காசப் போட்டு எழுதணும்?"

கோப்பு மூடப்பட்டது. சம்பந்தி ஓய்வு பெற்றவர்தான், ஆனால் மேலதிகாரியின் குரலை அடையாளம் காணத் தெரிந்தவர். அச்சுக்காரருக்குத்தான் வருத்தம், வரி அழகாக உட்காரவில்லையாம்.

அழைப்பிதழ்கள் வந்ததும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினோம். முதல் அட்டை வழக்கம்போலப் பிள்ளையாருக்கு. இரண்டாவது தாய்மாமனுக்குப் போக வேண்டும். அண்ணி அதை எடுத்து உறையில் போட்டு, தானே சிங்களத்தில் விலாசம் எழுதினார். பொறுப்பதிகாரி, வெற்றி நினைவுச் சின்னம், பிறகு அந்தப் பட்டணத்தின் பெயர். அட்டையின் கீழே 'தங்கள் வரவை அன்புடன் எதிர்பார்க்கும் தியாகராஜா, கமலா' என்று இருந்தது. உள்ளே ஒரு துண்டுக் காகிதம் வைத்தார். அதையும் எனக்கு வாசித்துக் காட்டினார்: கடைசியாக உங்களோடுதான் இருந்தார், மகனின் கல்யாணத்துக்கு அனுப்பி வைக்கவும்.

அண்ணி மணவறையில் பொட்டோடு நின்றார். மருமகளுக்குப் பூ வைத்தார். தகப்பன் செய்ய வேண்டியதை நானும், கல்யாணத்துக்கு வந்து சேர்ந்த என் மனைவியும் செய்தோம். பின்வரிசையில் முணுமுணுத்தார்கள், பிறகு சாப்பாடு போட்டார்கள், முணுமுணுப்பு நின்றது.

நான் இப்போது மறுபடியும் அதே பஸ் தரிப்பிடத்தில். போன வாரம் இங்கிருந்துதான் அண்ணியோடு பேசினேன். அந்த அட்டைக்குப் பதில் ஏதும் வந்ததா என்று சும்மா கேட்டேன்.

"பதில் வரல தம்பி. ஆனா அட்டையும் திரும்பி வரல. வாங்க ஆள் இல்லேன்னா தபால்காரங்க திருப்பி அனுப்பிருவாங்க. அப்ப அங்க யாரோ கையால வாங்கியிருக்காங்க."

"வாங்கி என்ன செய்யப் போறாங்க அண்ணி?"

"ஒண்ணுஞ் செய்ய வேணாம். நாங்க இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்னு வாங்குனவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல. அது போதும்."

பஸ் வந்தது. பழக்க தோஷம், இறங்குகிறவர்களின் முகங்களை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.